பெர்சிக்கு ஒரு ஆபீசர் கோட்டு

"ஜெர்மன்காரன்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பலைங்க. அதான் பிரிட்டிஷ் ஆபீசர்னு சொல்லிட்டேன்" என்றாள் ஐவி, ரொட்டி கருகுகிறதா என்று பார்ப்பவள் போல அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டு.

வேகவைத்த முட்டையின் தலையைத் தட்டிக்கொண்டிருந்த பெர்சி லாம்ப்கின் கரண்டியைக் கீழே வைத்தார்.

"யார்கிட்ட சொன்னே?"

"மேஜர் ஃபென்விக்கிட்டதான். 'உங்க வீட்டுக்காரர் சினிமாவில என்ன வேஷம் கட்டறார்'னு நேருக்கு நேர் கேட்டுட்டார். நம்ம டோரீன் என் கையைக் கிள்றா. நைஜல் தம்பிக்கு மூஞ்சி வெளுத்துப்போச்சு. நான் என்ன பண்ணுவேன்?"

"உண்மையைச் சொல்றது."

"சொல்லி? பொண்ணு கல்யாணம் நின்னுபோகவா?"

பெர்சி மறுபடி கரண்டியை எடுத்தார். அதற்குள் முட்டையும் ஆறிப்போயிற்று.

லண்டனின் மேற்கு ஓரத்தில் இருந்த ஒரு ஸ்டூடியோவில் பெர்சி துணை நடிகர். யுத்தம் முடிந்து பன்னிரண்டு வருடம் ஆகியும் அந்த ஸ்டூடியோவுக்குள் மட்டும் அது முடிந்தபாடில்லை. வாரத்துக்கு ஒரு பாலம் வெடித்தது. மாதத்துக்கு ஒரு சிறையிலிருந்து கைதிகள் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். அத்தனை படத்திலும் பெர்சி ஜெர்மன்காரர். ஆறடிக்கு மேல் உயரம், வெளிறிய கண், கோடாலியால் செதுக்கிய மாதிரி தாடை. பார்த்த மாத்திரத்தில் எந்த இயக்குநரும் அவர் கையில் ஒரு ஜெர்மன் துப்பாக்கியைக் கொடுத்து, கோபுரத்தில் ஏற்றி, அங்கிருந்து சுட்டுத் தள்ளிவிடுவார்.

இதில் அநியாயம் என்னவென்றால், பெர்சி நிஜ யுத்தத்தில் நிஜமான பிரிட்டிஷ் கார்ப்பரல். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் மண்டிபோட்டு, கத்தி முனையால் மணலைக் குத்திக் குத்திக் கண்ணிவெடி எடுத்தவர். வாங்கிய பதக்கங்கள் ஐவியின் பட்டன் டப்பாவில் கிடந்தன. அவரைத் தினமும் சுட்டு வீழ்த்திய கதாநாயகனோ, அந்த யுத்த காலம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் லத்தீன் பரீட்சை தேறாமல் உட்கார்ந்திருந்தவன். இதை நினைத்தாலே பெர்சிக்கு வயிறு எரியும். நினைக்காத நாளும் கிடையாது.

மேஜர் ஃபென்விக் வேறு ரகம். ராணுவத்தை விட்டு எத்தனையோ வருடமாகியும் தபால்காரர் முதல் பாதிரியார் வரை அவரை மேஜர் என்றுதான் கூப்பிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஜெர்மன் கடிகாரம் ஒன்று வாங்கினார் என்பதற்காக அவரோடு பேச்சையே நிறுத்தியவர். அவருடைய ஒரே பிள்ளை நைஜல், தங்கமான பையன். ஆனால் சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்பான். அப்படிப்பட்டவன் அப்பா சம்மதமில்லாமல் டோரீனுக்கு மோதிரம் போட்டுவிடுவானா?

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றாள் ஐவி, இன்னும் திரும்பாமல். "உங்க அடுத்த படம் வந்ததும் குடும்பத்தோட வந்து பாக்கறாராம்."

"அடுத்த படத்துல நான் யாரு தெரியுமா? ஜெர்மன் காவல்காரன். வாய்ல ரொட்டியோட சாகறேன்!"

"அப்ப ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நம்மாளா வந்துடுங்களேன். ஒரு கோட்டை மாத்திப் போடறதுக்கு என்ன கேடு?"

"ஒரு கோட்டை மாத்தறதாம்" என்று பெர்சி பஸ்ஸில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனார். முன் சீட்டுக்காரர் இருமுறை திரும்பிப் பார்த்தார்.

*

ஸ்டூடியோவின் உடுப்பு அறை மிஸஸ் கிளெக்கின் ராஜ்ஜியம். வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசி இருக்கும். அதை எடுக்காமலேயே சண்டை போடுவாள்.

"ஜெர்மன் உடுப்பு வேணுமா, சொல்லு. ஜெனரல்லேருந்து சமையல்காரன் வரைக்கும் எல்லா சைசும் இருக்கு. பிரிட்டிஷ் ஆபீசர்ல உன் சைஸ் இல்லப்பா."

"ஏன் இல்லே? ஜெயிச்சது நாமதானே?"

"இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. ஆஸ்பத்திரி ரயில் படம் ஒண்ணு எடுத்தாங்களே, அதுல பொணமா படுக்க வந்த ஒருத்தன், சாயங்காலம் எழுந்து கோட்டோட வீட்டுக்கு நடந்து போயிட்டான். எட்டு வருஷமாச்சு. அன்னிலேருந்து நம்ம ஸ்டூடியோ படத்துல உயரமான பிரிட்டிஷ் ஆபீசரே கிடையாது. கவனிச்சுப் பாரு. எல்லாரும் குட்டையா இருப்பாங்க, இல்லேன்னா உக்காந்திருப்பாங்க."

"பொணம் நடந்து போறதை யாரும் பாக்கலையா?"

"டீ வண்டி வந்த நேரம்பா. அப்ப எதிரிப் படையே மேளம் தட்டிக்கிட்டுப் போனாலும் இங்க ஒருத்தன் திரும்பமாட்டான்."

"கொஞ்சமாவது வெட்கம் வேண்டாம் அந்த ஆளுக்கு?" என்றார் பெர்சி. முகம் தெரியாத அந்தப் பிணத்தின் மேல் அவருக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. தன் மகளின் வாழ்க்கையையே அவன் தூக்கிக்கொண்டு போய்விட்டதாகத் தோன்றியது.

மிஸஸ் கிளெக் மனம் இளகி, நடுத்தர சைஸ் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். இரண்டு பேர் இழுத்து, ஒருவர் முழங்காலால் முதுகில் முட்டி, எப்படியோ பெர்சியை அதற்குள் அடைத்தார்கள்.

"மூச்சு விடாதே. கையைத் தூக்காதே. தும்மல் வந்தா எங்கிட்ட சொல்லிட்டுத் தும்மு" என்றாள்.

அன்று பிரிட்டிஷ் முகாம் அணிவகுப்புக் காட்சி. பின்வரிசையில் நிற்கும் ஆபீசர்களோடு பெர்சியும் போய் நைசாக நின்றுகொண்டார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஜெனரல் வந்து இறங்கினார். ஆபீசர்கள் அத்தனை பேரும் விறைப்பாக சல்யூட் அடித்தார்கள்.

நிஜ ராணுவத்தில் ஐந்து வருடம் ஊறிய கை சும்மா இருக்குமா? பெர்சியின் கையும் மேலே போயிற்று. அக்குளில் தொடங்கிய கிழிசல் முதுகு வழியாகப் பெல்ட் வரைக்கும் 'டர்ர்ர்' என்று ஒரே ஓட்டமாக ஓடியது. ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்த கருவியைப் பிடுங்கி எறிந்தார். ஜெனரலுக்கு வசனம் மறந்துபோயிற்று. முன்வரிசையில் ஒருவர் நிஜமாகவே குண்டு வெடித்ததென்று நினைத்துத் தரையில் படுத்துவிட்டார். அவர் பாவம், நிஜ யுத்தத்துக்குப் போய்வந்தவர்.

"அந்த ஜெர்மன்காரனை நம்ம ராணுவத்துல சேத்தது யாரு?" என்று இயக்குநர் கேமரா மேடையின் மேலேயிருந்து கத்தினார்.

உதவி இயக்குநர் ரூபர்ட் ஓடிவந்தான். கழுத்தில் பட்டுக்குட்டை, வயது இருபத்துமூன்றுக்கு மேல் இராது. தயாரிப்பாளர் அவனுக்கு மாமா. அந்தத் தகுதி போதாதா?

"பெர்சி ராஜா, என்ன இது? உன் மூஞ்சியைப் பாத்தா ஜனங்க பயப்படணும். அதுதானே உன் பொழைப்பு? நீ எதுக்கு இந்தப் பக்கம் வர்றே?"

"நான் பொறந்தது இதே லண்டன்ல, லாம்பெத்துல சார். எங்கப்பா, தாத்தா எல்லாரும் லாம்பெத். நிஜமா நான் அந்தப் பாலைவனத்துல..." என்று ஆரம்பித்த பெர்சி சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அந்த ஊர் வழக்கம் அப்படி. ஒருவர் யுத்தத்தில் என்ன செய்தார் என்று கேட்பது, அவர் உள்ளாடை என்ன நிறம் என்று கேட்பதற்குச் சமம். செய்தவர்கள் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். சொல்லிக்கொள்கிறவர்களிடம் யாரும் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள். இந்த மரியாதையால் அந்த நாட்டில் எத்தனை வாய்ச்சொல் வீரர்கள் பிழைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பெர்சி மட்டும் விடுவதாக இல்லை. ரூபர்ட் போகிற இடமெல்லாம் போய் நின்றார். டீ வாங்கிக் கொடுத்தார். மகள் கல்யாணக் கதையைச் சொல்லி மூக்கை உறிஞ்சினார். கடைசியில் ஒருநாள் ரூபர்ட்டே தேடிக்கொண்டு வந்தான்.

"ராஜா, உனக்கு யோகம்! ஒருத்தனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துடுச்சு. கதாநாயகனோட ராத்திரி ரகசியத் தாக்குதலுக்குப் போற ஆறு பேர்ல நீ ஒருத்தன். பிரிட்டிஷ் கேப்டன். முகத்துக்கு நேரா கேமரா. போதுமா?"

பெர்சி அவன் பட்டுக்குட்டையைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட அழுதே விட்டார்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை மேஜர் வீட்டில் தேநீர். வெள்ளரிக்காய் சாண்ட்விச் கண்ணாடி மாதிரி மெல்லிசாக இருந்தது. வரவேற்பறையில் கடிகாரத்துக்கும் காற்றழுத்தமானிக்கும் நடுவே ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் மேஜரின் ராணுவக் கோட்டு, பதக்கங்களோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் எதிரே எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள்.

"கேப்டன்னு கேள்விப்பட்டேன்" என்றார் மேஜர். கதவு நிறைய ஆள், குரலும் அதே அளவு. "பரவாயில்லை. உங்க ஜாடையைப் பாத்து நான் வேற என்னவோ நெனச்சேன்."

"கேப்டன்தான் மேஜர் சார். முகத்துக்கு நேரா கேமரா" என்றார் பெர்சி. டோரீன் மேஜைக்கு அடியில் அப்பாவின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நம்ம கோட்டுக்கு ஒரு மரியாதை இருக்கு, லாம்ப்கின். அதைப் போட்டுக்கிட்டா நெஞ்சு நிமிரணும். அதோ பாருங்க. ரெண்டாவது பட்டன். மத்ததெல்லாம் ஒரு மாதிரி, அது மட்டும் வேற மாதிரி. தெரியுதா?"

தெரிந்தது. மற்றவை பித்தளை மஞ்சளில் மின்ன, அது மட்டும் சற்று வெளிறிக் கிடந்தது.

"பர்மா. மழை. பத்து கெஜம் தள்ளி ஜப்பான்காரன். சுட்டான். குண்டு நேரா பட்டன்ல பட்டுது. பட்டன் போச்சு, நான் பொழைச்சேன். பக்கத்துல உயிர்விட்ட ஒரு தோழனோட பட்டனை எடுத்து அந்த எடத்துல வெச்சுத் தச்சுக்கிட்டேன். அன்னிலேருந்து மாத்தலே. மாத்தவும் மாட்டேன்."

ஐவிக்குக் கண் கலங்கிவிட்டது. பெர்சிக்கு மட்டும் மனதின் மூலையில் ஏதோ நெருடியது. குண்டு பட்ட ஆட்களை அவர் பார்த்திருக்கிறார். பட்டனோடு திருப்திப்பட்டு நின்றுபோன குண்டை அவர் பார்த்ததில்லை. ஆனால் கேட்பது மரியாதையில்லை. இன்னொரு சாண்ட்விச்சை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஒரு நாள் படப்பிடிப்பு பாக்க வாங்களேன் மேஜர் சார். கார் அனுப்பச் சொல்றேன்."

"நானா? அங்கேயா?" மேஜரின் கோப்பை தட்டில் 'ணங்' என்று உட்கார்ந்தது. "அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். சினிமாக்காரங்க அத்தனை பேரும் திருடங்க!"

அவ்வளவு சூடாக ஏன் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் புரியவில்லை. பெர்சிக்குச் சுருக்கென்றது. இருந்தும் பெண்ணைப் பெற்றவர், சிரித்து வைத்தார்.

புறப்படும்போது வாசலில் இன்னொரு சங்கடம். பெர்சி மாட்டியிலிருந்து மழைக்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, கச்சிதமாகப் பட்டனையும் போட்டு, பைக்குள் கை விட்டபோது ஒரு புகைக்குழாய் அகப்பட்டது. அவருக்குப் புகைக்கும் பழக்கமே கிடையாது.

"அது என் கோட்டு!" என்றார் மேஜர். "என்ன பழக்கமோ சில பேருக்கு. மாட்டியில எது தொங்கினாலும் எடுத்து மாட்டிக்கிட்டுப் போயிடறது!"

"சாரி மேஜர் சார், ரெண்டும் ஒரே மாதிரி இருந்தது..."

"இருக்கட்டும். அடுத்தவன் உடுப்பைத் தொடறதுக்கு முன்னே பாக்கணும்."

பஸ் நிறுத்தம் வரை பெர்சி விறுவிறுவென்று முன்னால் நடந்தார். காது சிவந்திருந்தது.

*

திங்கட்கிழமை மிஸஸ் கிளெக் அவரிடம் நீட்டியது ஒரு ஜெர்மன் ஓவர்கோட்டு.

"இது எதுக்கு? நான் பிரிட்டிஷ் கேப்டன்!" என்றார் பெர்சி.

"மாறுவேஷம், ராஜா" என்றான் ரூபர்ட் குதூகலமாக. "ஜெர்மன் கோட்டைக்குள்ள வேற எப்படி நுழைவீங்க? படம் பூரா ஆறு பேரும் இதுலதான்."

"அப்ப நம்ம உடுப்புல நான் எப்ப வர்றேன்?"

"முதல் காட்சியில. படகுல ஏறும்போது. ஆனா உன் சைசுல கோட்டு இல்லையாமே? அதனால உன் பூட்ஸை மட்டும் எடுத்தா போதும்னுட்டார் இயக்குநர்."

பூட்ஸை மட்டும் எடுத்தார்கள். பூட்ஸ் பிரமாதமாக நடித்ததாக ரூபர்ட் பாராட்டினான். பெர்சிக்கு அவன் பட்டுக்குட்டையாலேயே அவன் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

"மத்த அஞ்சு பேரும் பிரிட்டிஷ்னு மட்டும் எப்படித் தெரியும்?"

"அவங்க மூஞ்சி பிரிட்டிஷ், ராஜா."

"ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை இங்கிலீஷ்ல பேச விடுங்க சார். நான் யாருன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

"துணை நடிகன் வாயைத் திறந்தா நடிகன் ஆயிடுவான். எங்க மாமாவுக்கு நெஞ்சுவலி வந்துடும். போய் நில்லு."

கோட்டையின் இடுக்கு வழி. ஆறு பேரும் ஜெர்மன் உடுப்பில் விறைப்பாக நடக்க வேண்டும். எதிரே வரும் காவல்காரன் அவர்களை உற்றுப் பார்த்துவிட்டு விலகிப் போக வேண்டும். அவ்வளவுதான் காட்சி. காவல்காரனாக நடித்தவனுக்கு அன்றுதான் முதல் நாள், கொடுத்த பூட்ஸும் இரண்டு சைஸ் பெரிசு. பெர்சியின் முகத்துக்கு நேராக கேமரா வந்த நேரம் பார்த்து, அவன் தடுமாறி, ஆணி அடித்த குதிகாலால் அவருடைய கால் ஆணிமேலேயே ஓங்கி மிதித்தான்.

மிதித்தவன் சிலையாக நின்றான். மிதிபட்ட பெர்சி, தொட்டில் நாள் தொட்டுப் பழகிய பழக்கத்தில், தொப்பியை லேசாகத் தொட்டுச் சொன்னார்:

"சாரி."

ஸ்டூடியோவே மூச்சு விடவில்லை. பிறகு மேலேயிருந்து ஒரு சத்தம். இயக்குநர் அழுகிறார் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். நாற்காலியிலிருந்து சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதுதான்! இதுதான்! மிதி வாங்கினவன் மன்னிப்புக் கேக்கறான்! எந்த ஜெர்மன்காரன் கேப்பான்? இதுல மாட்டிக்கிறாங்க ஆறு பேரும்! கதையை மாத்துங்க!"

மாற்றினார்கள். அந்த ஒரு வார்த்தையால் கோட்டை முழுக்கச் சங்கு ஊதியது, நாய்கள் அவிழ்த்துவிடப்பட்டன. அதோடு விட்டார்களா? பெர்சி நாயிடம் சாரி சொன்னார். இடித்துக்கொண்ட கதவிடம் சாரி சொன்னார். ஜெர்மன் தளபதியின் மூக்கில் குத்துவதற்கு முன்னால் ஒரு சாரி, குத்தியபின் ஒரு சாரி. அந்த வாரம் முடிவதற்குள் வீரசாகசப் படமாகத் தொடங்கியது நகைச்சுவைப் படமாகிவிட்டது. கதாநாயகனே பின்னுக்குப் போய்விட்டான்.

"மாட்டேன்! என் சம்பந்தி பாக்கப் போறார்! ஒரு பிரிட்டிஷ் ஆபீசரை இப்படிக் கோமாளி ஆக்கலாமா?" என்று பெர்சி குதித்தார்.

"வேண்டாம்னா விடு. மறுபடி கோபுரத்துல ஏறு. வாய்ல ரொட்டியோட சாவு" என்றான் ரூபர்ட்.

பெர்சி யோசித்தார். கோமாளியானாலும் பிரிட்டிஷ் கோமாளி. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த சாரியைச் சொல்லப் போனார்.

*

படம் வெளியான முதல் நாள் தியேட்டர்காரர் ஒரு அறிவிப்புப் போட்டிருந்தார். ராணுவ உடுப்பில் வருகிற முன்னாள் வீரர்களுக்கு முன்வரிசை இலவசம். மேஜர் ஃபென்விக் கண்ணாடி அலமாரியைத் திறந்து, கோட்டை அணிந்து, ஊர் முன்னாள் வீரர் சங்கம் பின்தொடர, ராஜநடை போட்டு வந்தார். கூட்டம் தானாக ஒதுங்கி வழிவிட்டது.

"உங்க பதக்கத்தையும் குத்திக்கோங்கன்னா கேட்டீங்களா?" என்று ஐவி பெர்சியின் காதைக் கடித்தாள்.

"காட்டிக்கிட்டுத் திரியறது அசிங்கம், ஐவி."

"அவர் காட்டலையா?"

"அவர் மேஜர்."

ஸ்டூடியோ ஆட்கள் பின்வரிசையில். மிஸஸ் கிளெக் அங்கே ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்தது. திரையில் பூட்ஸ் வந்தது. "நீங்கதானே?" என்று ஐவி பூரித்தாள். அப்புறம் அந்த இடுக்கு வழி. அந்த மிதி. அந்த 'சாரி'.

தியேட்டர் கூரை பிய்த்துக்கொண்டு போவது போல ஒரு சிரிப்பு. முன்னாள் வீரர்கள் தொடையைத் தட்டினார்கள். பக்கத்தில் யாரோ ஒரு அம்மாள் சாக்லேட் தொண்டையில் சிக்கி விக்கினாள். நைஜலும் வாய்விட்டுச் சிரித்தான். அப்பா முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை அப்படியே இருமலாக்கிக்கொண்டான்.

மேஜர் சிரிக்கவில்லை. படம் முடியும்வரை ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.

வெளியே முன்கூடத்துக்கு வந்ததும் வெடித்தார்.

"லாம்ப்கின்! இதுதான் உங்க பிரிட்டிஷ் ஆபீசரா? ஜெர்மன் கோட்டைப் போட்டுக்கிட்டு, எதிரி நாய்கிட்ட மன்னிப்புக் கேக்கறவனா? இந்த நாட்டு வீரனைச் சந்தி சிரிக்க வெச்சுட்டீங்களே! நைஜல், வா போகலாம். இந்தக் குடும்பத்தோட நமக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை!"

டோரீன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நைஜல் அப்பாவுக்கும் அவளுக்கும் நடுவில் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றான்.

பெர்சி வாயைத் திறந்தார். இத்தனை வருடமும் நெஞ்சில் கிடந்தது தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. ஐவிக்கு அந்த மரியாதையெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. கைப்பையைத் திறந்து பட்டன் டப்பாவை எடுத்து, அங்கிருந்த டிக்கெட் மேஜைமேல் கொட்டினாள். சட்டைப் பட்டன்களுக்கு நடுவே நாடா கசங்கிய பதக்கங்கள் உருண்டன.

"இவர் யாருன்னு தெரியுமா உங்களுக்கு? பாலைவனத்துல மண்டிபோட்டுக் கண்ணிவெடி எடுத்தவர்! பக்கத்துல இருந்த ரெண்டு பேர் சிதறிப்போனதைக் கண்ணால பாத்துட்டு, மறுநாளும் அதே எடத்துல போய் மண்டி போட்டவர்! இதுவரைக்கும் வாய் திறந்து ஒருத்தர்கிட்ட சொன்னதில்லை!"

மேஜர் ஒரு பதக்கத்தை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தார்.

"இதையெல்லாம் ஸ்டூடியோவிலேருந்து சுட்டுக்கிட்டு வந்தீங்களா?"

பெர்சியின் முகம் செக்கச்செவேலென்று ஆனது. "மேஜர் சார், என்னைக் கோமாளின்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். திருடன்னு சொல்லாதீங்க" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக, சாரி என்று சேர்க்க அவருக்குத் தோன்றவில்லை.

"யாரை மெரட்டறீங்க? பதக்கம்னா என்னன்னு எங்கிட்டயா?" மேஜர் மார்பை முன்னால் தள்ளி, இரண்டாவது பட்டன்மேல் விரலை வைத்தார். "இதோ, இதைப் பாருங்க! பர்மா! குண்டு வாங்கின எடம்! இது ரத்தம் பாத்த கோட்டு! எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க!"

எல்லோரும் பார்த்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு, மிஸஸ் கிளெக்கும் கிட்டே வந்து பார்த்தாள். மூக்குக்கண்ணாடியை இறக்கினாள். பட்டனைப் பிடித்துத் திருப்பினாள். மேஜர் தட்டிவிடுவதற்குள் கோட்டின் காலரையும் புரட்டி உள்தையலைப் பார்த்துவிட்டாள். பிறகு அவர் முகத்தை ஏற இறங்க ஒருமுறை பார்த்தாள்.

"அட, ஆஸ்பத்திரி ரயில்ல மேல் பெஞ்சில படுத்துக் குறட்டை விட்ட பொணம் நீதானேய்யா? கழட்டு, கழட்டு, இந்தக் கோட்டைத்தான் எட்டு வருஷமா தேடறேன். ரெண்டாவது பட்டன் இல்லாம அன்னிக்கு பஸ் கண்டக்டர் கோட்டுலேருந்து வெட்டித் தச்சதே நான்தான்!"